கியூவின் பிடியை மாற்றிப் பார்க்கும்போது

புதிதாக ஸ்நூக்கர் ஆட வருகிறவர்களிடம், பந்தை அடிக்கும் கோலான கியூவைப் பின்னால் பிடித்திருக்கும் கையைத்தான் நான் முதலில் கவனிப்பேன். விரல் முட்டிகள் வெளுத்திருந்தால் பிடி இறுகிக் கிடக்கிறது. பந்து குழிக்குள் போகாததற்குக் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், கோளாறு கையில் இருக்கும்.

பிடியை மாற்றுவதற்கு முன் ஓர் அளவுகோல் வேண்டும். ஸ்நூக்கர் டேபிளில் பிரவுன் ஸ்பாட்டில், அதாவது பழுப்புப் பந்துக்கான புள்ளியில், வெள்ளைப் பந்தை வையுங்கள். நீலம், பிங்க், கறுப்பு ஸ்பாட்களின் மேலாக நேரே அடித்து, எதிர் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) பட்டுத் திரும்ப விடுங்கள். அடித்த இடத்திலேயே கியூ நிற்க வேண்டும், அசைக்காதீர்கள். பந்து திரும்பி வந்து கியூவின் நுனியான டிப்பில் முட்டினால் சரி. வலப்பக்கம் விலகி வந்தால் பெரும்பாலும் நடுவுக்கு வலப்புறம் அடித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதையே அடித்துப் பாருங்கள்.

முதலில் இடம். டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டு நிற்கும்போது, முழங்கையிலிருந்து கீழே கை நேராகத் தொங்க வேண்டும். முன்னே சாய்ந்தால் பிடியைப் பின்னுக்கும், பின்னே சாய்ந்தால் முன்னுக்கும் ஓர் அங்குலம் நகர்த்துங்கள். நண்பரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லலாம். சரியான இடத்தில் சின்னதாக டேப் ஒட்டிவிட்டால் அப்புறம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது இறுக்கம். எனக்கு இதுதான் உயிர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம் போலக் கியூவைத் தாங்கட்டும், மற்ற மூன்றும் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். பின்னுக்கு இழுக்கும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் தாமாகத் திறக்க வேண்டும். திறக்காமல் மொத்தக் கையும் மூடியே இருந்தால் கியூவின் பின்புறம் மேலே எழும்பும், டிப் தாழும். முன்னுக்கு வரும்போது அந்த விரல்கள் திரும்பி மூடும். அதை அவசரப்படுத்தி, பந்தைத் தொடுவதற்குள் இறுக்கினால் டிப் பக்கவாட்டில் வெட்டிவிடும். ஸ்க்ரூ அடிக்கும்போது, அதாவது வெள்ளைப் பந்து பின்னே திரும்பி வர அதன் கீழ்ப்பகுதியில் அடிக்கும்போது, எல்லாருக்கும் கை இறுகும். அங்கேதான் தளர்வு அதிகம் தேவை.

பின்னால் ஸ்டூலில் போனைச் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். கட்டைவிரல் தரையைப் பார்த்திருக்கிறதா, மணிக்கட்டு உள்ளே மடங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும். சென்னை வெயிலில் கை வியர்த்தால் தன்னையறியாமல் இறுக்கிப் பிடிப்போம், அதனால் பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும்.

ஸ்நூக்கரைப் போலவே சிறிய மேசையில் ஆடும் பூல் ஆட்டக்காரர்களுக்கும் இதே முறைதான். பூல் கியூவின் டிப் பெரும்பாலும் 13 மி.மீ., ஸ்நூக்கரில் 9 முதல் 10. பந்தும் பெரிது, 52.5க்குப் பதில் 57 மி.மீ. இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடிக்கும்போது மட்டும் கையை இரண்டு மூன்று அங்குலம் பின்னே கொண்டு போய்ப் பாருங்கள், வீச்சு நீளும். விரல்கள் அப்போதும் தளர்வாகவே இருக்கட்டும்.