ஒன்பது கோயில், ஒரு கட்டு அகத்திக்கீரை

கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கி, ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் முடித்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்த ஓட்டத்தில் எதிர்ப்படும் விலங்குகளை யாரும் வேண்டுமென்று துன்புறுத்துவதில்லை. வாழைப்பழமும் கீரைக்கட்டுமாகத்தான் போகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. நமக்கு அது ஒரு பழம். யானைக்கு அன்றைக்கு எத்தனையாவது பழமோ!

போன மாசியில் ஒரு கோயில் வாசலில் பசு ஒன்று கட்டிக்கிடந்தது. கயிறு இரண்டு முழம் இருந்தால் அதிகம். எதிரே ஓர் அம்மாள் கூடையில் அகத்திக்கீரை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு வாங்கி நீட்டினேன். பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் போய் நீட்டினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்படியே வைத்துவிட்டுப் போங்கள் தம்பி, அப்புறம் தின்னும்” என்றார் அந்த அம்மாள். நாலடி நடந்து திரும்பிப் பார்த்தால் என் கட்டு கூடைக்குள் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அன்று அந்தப் பசுவுக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீனியை நொதிக்கவைக்கின்றன. வைக்கோல் நிதானமாக நொதிக்கும். இளம் பச்சையாக அளவுமீறி உள்ளே போனால் வாயு வெளியேற வழியின்றி வயிறு உப்பி, இடப்பக்கம் பறைபோல் விம்மும். சோறும் பொங்கலும் இன்னும் மோசம். அவற்றிலுள்ள மாவுச்சத்து வயிற்றில் சட்டென்று அமிலமாகிவிடும்; உயிரே போகலாம். மாட்டுப்பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வது இதற்குத்தான். பசுவுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று வேண்டுதல் இருந்தால், கோசாலையில் வைக்கோலுக்குப் பணம் கட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு வாளித் தண்ணீர் அதைவிடப் புண்ணியம்.

கோயில் யானை விஷயமும் ஏறத்தாழ இதேதான். நாளுக்கு 150 கிலோவுக்கு மேல் புல்லும் தழையும் தின்று, அதற்காகவே நடந்துகொண்டிருக்கும் உயிர் அது. வெல்லமும் சோற்றுருண்டையும் அதன் எடையைக் கூட்டும். அந்த எடை முழுவதும் கருங்கல் தளத்தில் நாளெல்லாம் நிற்கும் பாதங்களில் இறங்கும். நகம் வெடிக்கும், பாதம் புண்ணாகும். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றக்கூடியது என்பது பலருக்குத் தெரியாது. இருமிக்கொண்டே துதிக்கையின் கீழ் தலையை நீட்டாதீர்கள். தள்ளி நின்று கும்பிட்டாலும் ஆசி வந்து சேரும். நிற்பதற்கு மண் தரை இருக்கிறதா, நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை போகிறவர்களின் தவறு வேறு வகை. 1967இல் சரணாலயமான இடம் அது. வெளிமான்கள் புல்வெளியில் மேய்வதைச் சாலையில் நின்றே பார்க்கலாம். ஆனால் மான் துள்ளும் படம் வேண்டும் என்று கையைத் தட்டுகிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள். துள்ளுவது குதூகலத்தால் அல்ல, பயத்தால். வழியில் குரங்குகளுக்கு பிஸ்கட் எறிவதும் அப்படித்தான். எறிகிற கைக்காகக் காத்திருந்து பழகிய குரங்கு, காட்டுக்குள் இரை தேடாமல் தார்ச்சாலையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வண்டி நிற்கும் என்பது என்ன நிச்சயம்?

வடுவூர் ஏரிப் பறவைகளைக் கரைமேல் இருந்து பாருங்கள், இறங்காதீர்கள். ஒருவர் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்பினால், நெடுந்தூரம் பறந்து வந்த ஊசிவால் வாத்து சேர்த்துவைத்த கொழுப்பை நம் கைபேசிப் படத்துக்காகச் செலவழிக்கிறது. டிரோன் பேச்சே வேண்டாம்.

தை முதல் பங்குனி வரை நாகப்பட்டினம் கடற்கரையில் இரவு நடை போகிறவர்கள் டார்ச்சை அணைத்துவிடுங்கள். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம் அது. வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் பொரிந்து வரும் குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இறங்குகின்றன. விடுதி விளக்கு அதைவிடப் பளிச்சென்று இருந்தால் ஊருக்குள் நடக்கத் தொடங்கிவிடும். முட்டையிட்டுத் திரும்பும் ஆமையைச் சுற்றி நின்று செல்ஃபி எடுப்பதை என்னவென்று சொல்ல!

சாப்பாட்டுக் கடைகளில் ஒரு எச்சரிக்கை. பண்ணைக் காடை குற்றமில்லை. கொக்கு, மடையான், காட்டுக் கௌதாரி என்று யாராவது காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். கூண்டுக்கிளியிடம் சீட்டு எடுக்கச் சொல்லி ஜோசியம் கேட்பதும் இந்தச் சட்டத்தோடு உரசுகிற காரியமே.

கடைசியாக, சாலை. ஐப்பசி மழை விட்ட இரவில் வயல்களுக்கு நடுவே வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: விளக்கு வெளிச்சத்தில் தவளைகள் குதிக்கும், அவற்றின் பின்னாலேயே பாம்பு வரும், இரண்டையும் நசுக்கிவிட்டு நாம் போய்விடுவோம். மாடுகள் ஈரம் இல்லாத தார்ச்சாலையில் வந்து படுத்திருக்கும். அடிபட்ட மாட்டைக் கண்டால் 1962க்கு அழையுங்கள். கால்நடை அவசர ஊர்தி எண் அது. அதைவிட முக்கியம், நடை சாத்துவதற்குள் ஒன்பதாவது கோயிலைப் பிடிக்கவேண்டும் என்று எண்பதில் பறக்காதிருப்பது. இரண்டு கோயிலை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். திருநள்ளாற்றுக்காரர் ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு தங்குகிறவர்; ஒரு ராத்திரி தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.