ஃப்ளூ வைரஸும் ஓம்புயிரிகளும்: கூட்டுப் பரிணாமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளூ வைரஸும் அது தொற்றும் உயிரினங்களான ஓம்புயிரிகளும் ஒன்றின் அழுத்தத்தில் மற்றொன்று மாறுவதே கூட்டுப் பரிணாமம். இரு தரப்பும் ஒரே வேகத்தில் மாறுகின்றன என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 13,500 எழுத்து நீளம். அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தத் தெரியாது. சில மணி நேரத்தில் புதுப் பிழைகளுடன் அடுத்த தலைமுறை வந்துவிடும். மனிதருக்கோ ஒரு தலைமுறை என்பது 25 ஆண்டு. எனவே ஆண்டுதோறும் வைரஸை வடிகட்டுவது நம் மரபணுக்கள் அல்ல. பழைய தொற்றும் தடுப்பூசியும் விட்டுச்சென்ற எதிர்ப்பொருள்கள். வைரஸ் ‘தப்பிப்பதற்காக’ மாறுவதில்லை. பிழை முதலில் வருகிறது, தேர்வு பிறகு நடக்கிறது.

மரபணு அளவிலான வேறுபாட்டைக் காணப் பறவைகளைப் பாருங்கள். ஆனால் ‘பறவை’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வைரஸ் ஆர்.என்.ஏ.வைக் கண்டறியும் ரிக்-ஐ மரபணு வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை. கோழிகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடிக்கும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் வகைகளில் பல, வாத்தில் அறிகுறியே இல்லாமல் பெருகுவதற்கு இது ஒரு காரணம்.

‘நாளாக நாளாக வைரஸ் சாதுவாகிவிடும்’ என்பதும் நம்பக் கூடாதது. காட்டுப் பறவைகளிலிருந்து வந்த மிதமான எச்5, எச்7 வகைகள் நெரிசலான பண்ணைகளில் கொடியவையாக மாறியிருக்கின்றன. செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் வைரஸின் மேற்பரப்புப் புரதம் ஹீமக்ளூட்டினின்; ஓம்புயிரியின் நொதி அதை வெட்டினால்தான் அது செயல்படும். அந்த வெட்டுப்படும் இடத்தில் காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் கூடினால், உடலின் எந்தத் திசுவிலும் அது செயல்படத் தொடங்கும். பக்கத்திலேயே அடுத்த கோழி இருக்கையில், இந்தக் கோழி செத்தாலும் வைரஸுக்கு இழப்பு குறைவு.

ஹீமக்ளூட்டினினை மட்டும் பார்த்து ஆபத்தை அளப்பதும் போதாது. அது பறவைச் செல்லின் மேலுள்ள ஆல்ஃபா 2,3 சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை விட்டு, நம் மூச்சுக்குழலில் நிறைந்த 2,6 வகையைப் பற்றக் கற்றாலும், உள்ளே நகலெடுப்பு நடக்க வேண்டுமே! வைரஸ் நகலெடுக்கப் பயன்படுத்திக்கொள்ளும் ஓம்புயிரிப் புரதம் ஏ.என்.பி.32ஏ. பறவைகளின் இப்புரதத்தில் உள்ள 33 அமினோ அமிலத் துண்டு நம்மிடம் இல்லை. அந்தக் குறையைத் தாண்டப் பல வைரஸ்கள் தம் நகலெடுப்பு நொதியின் பகுதியான பிபி2 புரதத்தின் 627ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் லைசினை ஏற்றிருக்கின்றன. கண்காணிப்பில் இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

சிறு பிழைகள் சேர்வதையும் மரபணுத் துண்டுகள் வைரஸ்களுக்கிடையே இடம் மாறுவதையும் குழப்பாதீர்கள். 1957இல் வைரஸின் எட்டு மரபணுத் துண்டுகளில் மூன்றும், 1968இல் இரண்டும் பறவை வைரஸிலிருந்து வந்தன. இரண்டு முறையும் உலகப் பெருந்தொற்று. ஆண்டுப் பருவக் காய்ச்சல் முதல் வகை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசிக்கான வகைகளைப் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பரிசீலிக்கிறது. போன ஆண்டு ஊசியை நம்பியிருக்காதீர்கள். புதியதைப் போட்டாலும் எதிர்ப்பொருள் உருவாக இரண்டு வாரம் ஆகும்.