காற்றில் உள்ளது வேறு, உடலில் சேர்வது வேறு: இடர் அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியிடத்துத் தூசு, கரைப்பான்களின் ஆவி, இயந்திரங்களின் இரைச்சல், வீட்டிலும் தெருவிலும் சூழும் புகை ஆகியவற்றை அளப்பதற்கான கருவிகள் இன்று எளிதாகவே கிடைக்கின்றன. ஆனால் ஓர் இடத்தின் காற்றில் ஒரு பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது வேறு. அங்கே புழங்கும் ஒருவர் அதற்கு எவ்வளவு ஆட்படுகிறார் என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே பல தவறுகள் கிளைக்கின்றன. அவற்றுள் பெரியவை கருவியை இயக்குவதற்கு முன்பே, யாரிடம், எங்கே, எவ்வளவு நேரம் அளப்பது என்று முடிவு செய்யும்போதே நேர்ந்துவிடுகின்றன.

முதல் தவறு, கருவியை வசதியான ஒரு மூலையில் நிறுத்திவிட்டு அது காட்டும் அளவைப் பணியாளரின் அளவாக எழுதிக்கொள்வது. கல்லை அறுப்பவரோ உலோகத்தைத் தேய்ப்பவரோ தூசு எழும் இடத்தின் மேலேயே குனிந்து நிற்கிறார். சில அடி தள்ளி நிற்கும் கருவிக்கு அந்தக் காற்று நீர்த்த பிறகே வந்து சேர்கிறது. 1960இல் ஷெர்வுட், கிரீன்ஹால்ஷ் ஆகிய இருவரும் பணியாளர் தம்மோடு சுமந்து செல்லத்தக்க சிறிய மாதிரிக் கருவியை அறிமுகப்படுத்தியதற்கு இந்த வேறுபாடே அடிப்படை. மாதிரி எடுக்கும் முனை, மூக்கையும் வாயையும் சுற்றி ஏறத்தாழ 30 செ.மீ. ஆரத்துக்குள், முகக்கவசத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பற்றவைப்பவர் அணியும் முகத்தடுப்பு மட்டும் இதற்கு விலக்கு: அங்கே முனை தடுப்பின் உட்புறம் இருந்தால்தான், அவர் உண்மையில் மூச்சிழுக்கும் புகை பதிவாகும்.

நேரத்தைப் பொறுத்த தவறுகள் இரு திசைகளிலும் நிகழ்கின்றன. 8 மணி நேரச் சராசரி, பணியிடக் காற்றில் ஒரு பொருளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான வரம்புக்குள் இருக்கிறது என்பதால், பீப்பாயைக் கழுவும் 20 நிமிடங்களில் ஆவி பன்மடங்கு உயர்ந்து மயக்கம் வரும் நிலை ஏற்பட்டது மறைந்துபோகலாம்; அதற்காகத்தான் பல பொருள்களுக்கு 15 நிமிட வரம்பும் தனியே வகுக்கப்பட்டுள்ளது. மறுபுறம், 12 மணி நேரம் வேலை செய்பவரை 8 மணி நேர வரம்போடு அப்படியே ஒப்பிடுவதும் பிழையே. அவர் கூடுதல் நேரம் ஆட்படுகிறார் என்பதோடு, உட்சென்றதை உடல் வெளியேற்றக் கிடைக்கும் ஓய்வு நேரமும் அவருக்குக் குறைகிறது. பிரீஃப், ஸ்கேலா ஆகியோரின் கணக்கீட்டு முறைப்படி 12 மணி நேர வேலைக்கு வரம்பு பாதியாகக் குறைய வேண்டும்.

எனினும், மிகுந்த கேட்டை விளைவிப்பது ஒரே ஒரு நாளின் முடிவை நம்பிவிடுவதுதான் என்பது என் கருத்து. ஒரே பணியாளர், ஒரே இயந்திரம், ஒரே வேலை என்றாலும் அளவு நாளுக்கு நாள் பல மடங்கு மாறக்கூடும். பெரும்பாலான நாள்களில் குறைவாகவும் சில நாள்களில் மிக அதிகமாகவும் இருப்பதே இத்தகைய தரவுகளின் இயல்பு. மூன்று நாள்கள் அளந்ததில் வரம்பின் 20, 30, 60 விழுக்காடு என முடிவுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் வரம்புக்குள் இருப்பதால் கோப்பை மூடிவிடத் தோன்றும். ஆனால் இந்த இயல்பைக் கணக்கில் கொண்டால், நூற்றில் 5 நாள்களில் அளவு வரம்பின் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டும் என்று வருகிறது. மூன்றே மாதிரிகள் என்பதால் எழும் ஐயத்தையும் சேர்த்தால் அது வரம்புக்கு வெளியேயும் போகலாம். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 689, மூன்று மாதிரிகளை மட்டும் கொண்டு முடிவெடுக்க வேண்டுமானால் மூன்றுமே வரம்பின் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கூறுவது இதனால்தான். அளக்க வருபவர்களைக் கண்டதும் சன்னல்களைத் திறந்துவிட்டு உற்பத்தியையும் குறைத்துவிடும் இடங்களில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கருவியால் கண்டறிய முடியாத அளவு என்று ஆய்வகம் எழுதி அனுப்பியதைச் சுழியம் என்று பதிந்து சராசரி காண்பதும் இதே வகைத் தவறே.

தூசை அளக்கும்போது மொத்த எடையை மட்டும் பார்ப்பது போதாது. நுரையீரலின் ஆழத்தைச் சென்றடைவது பெரும்பாலும் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகளே. கல்தூசில் உள்ள சிலிக்காவால் நுரையீரலில் வரும் சிலிக்கா நோயை உண்டாக்குவதும் அதுதான். இதைப் பிரித்தெடுக்கும் சுழற்பிரிப்பான், குறிப்பிட்ட காற்றோட்டத்தில் மட்டுமே சரியாகப் பிரிக்கும். பம்பின் வேகம் குறைந்தால் பெரிய துகள்களும் வடிதாளில் சேர்ந்துவிடும். ஆகவே மாதிரிக் கருவியை இணைத்த நிலையிலேயே பம்பின் காற்றோட்டத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் சரிபார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவதே பொதுவான நடைமுறை. வேலை முடிந்து கழற்றும்போது சுழற்பிரிப்பானைத் தலைகீழாகக் கவிழ்த்தாலே போதும், அடியில் தங்கிய பெரிய துகள்கள் வடிதாளில் விழுந்து, அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

திரையில் உடனே எண்ணைக் காட்டும் கருவிகள் வேறு வகையில் ஏமாற்றுகின்றன. மின்கலங்களுக்கு மின்னேற்றும் அறையில் வெளிப்படும் ஹைட்ரஜனை, கார்பன் மோனாக்சைடு உணரி தன் வாயுவாகவே காட்டக்கூடும். ஒளிச்சிதறலைக் கொண்டு துகளை அளக்கும் மலிவான உணரிகள், ஈரப்பதம் மிகுந்த காற்றில் நீர் ஏறிய துகள்களைக் கண்டு அளவைக் கூட்டிச் சொல்கின்றன. அலகுகளிலும் கவனம் வேண்டும்: 25 டிகிரி செல்சியசில் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) டொலுயீன் என்னும் கரைப்பான் என்பது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 377 மில்லிகிராம் ஆகும். இரைச்சலையோ சாதாரணக் கூட்டல் வகுத்தலால் சராசரி காணவே கூடாது. 4 மணி நேரம் 80 டெசிபல், 4 மணி நேரம் 90 டெசிபல் என்றால் சராசரி 85 அன்று, 87க்கும் சற்று மேல். 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இரட்டிப்பாகிவிடும் என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு சிறிதன்று.

காற்றை மட்டும் அளந்துவிட்டுத் தோலையும் வாயையும் மறந்துவிடுவதும் பரவலான குறை. பூச்சிக்கொல்லி தெளிப்பவர்களுக்குப் பெரும்பங்கு தோல் வழியாகவே சேர்கிறது. இத்தகைய இடங்களில் இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் கைகொடுக்கும். ஆனால் மாதிரி எடுக்கும் வேளை பிசகினால் அவையும் பயன்படா. கரைப்பான்கள் பலவற்றின் தடயம் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடுவதால், வேலை முடிந்த உடனே சிறுநீரைச் சேகரிக்க வேண்டும். ஈயம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். முந்தின நாள் கடல் மீன் உண்டவரின் சிறுநீரில் ஆர்செனிக் உயர்ந்து காணப்பட்டால், அது தீங்கு குறைந்த கரிம வகையா, நச்சு மிகுந்த கனிம வகையா என்று பிரித்தறியாமல் பணியிடத்தின் மேல் பழிபோட முடியாது.

பணியிட வரம்பைக் குடியிருப்புக்குப் பொருத்துவதும் தவறு. அது வயதுவந்தவர்கள் வேலை நேரத்தில் மட்டும் ஆட்படுவதை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் நாள் முழுவதும் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராம் என வழிகாட்டு அளவுகளை அறிவித்தது. ஒரு மணி நேர அளவீட்டை ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு அலறுவதும் அமைதியடைவதும் ஒருசேரப் பொருளற்றவை.

கடைசியாக, எண்ணை மட்டும் குறித்துவைத்துச் சூழலை விட்டுவிடுவது. அன்று நடந்த வேலை, எடுத்துக்கொண்ட நேரம், உறிஞ்சுவிசிறி ஓடியதா, எவ்வகை முகக்கவசம், கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது ஆகிய அனைத்தும் அந்த எண்ணுடன் சேர்ந்தே பதிவாக வேண்டும். ஆஸ்பெஸ்டாசால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய் 20 ஆண்டுகளுக்குப் பின்னும், சில வேளைகளில் 40 ஆண்டுகளுக்குப் பின்னும் வெளிப்படுகிறது. அப்போது அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்க்கும் மருத்துவரிடம் விளக்கம் சொல்ல, அளந்தவர் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார்.