செட்டாப் பாக்ஸ் ரெக்கார்டிங் கணினிக்கு வரும் வழியில் எங்கே கெடுகிறது

பாக்ஸில் ரெக்கார்டு செய்த ஹார்டு டிஸ்கைக் கணினியில் செருகியதும் விண்டோஸ் கேட்கும்: ‘இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ சேர்த்து வைத்ததெல்லாம் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான். டிஸ்கில் கோளாறு எதுவும் இருக்காது. பல பாக்ஸ்களுக்குள் ஓடுவது லினக்ஸ். அது இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற முறைகளில் எழுதி வைத்ததை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது.

ரத்து கொடுத்துவிட்டு, வேறொரு பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, நிறுவாமலே ‘டிரை’ தெரிவில் கணினியைத் திறந்தால் அதே டிஸ்க் சாதாரண ஃபோல்டராகத் தெரியும். அங்கிருந்து கணினிக்கு காப்பி செய்யலாம். கட் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தேட வேண்டியிருக்கும். ஏற்கெனவே ‘ஆம்’ அழுத்திவிட்டீர்களா? டிஸ்கில் புதிதாக ஒரு பைட்கூட எழுதாமல் டெஸ்ட்டிஸ்க் அல்லது ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். குவிக் ஃபார்மட் என்றால் படம் இன்னும் உள்ளேயே இருக்க வாய்ப்பு உண்டு.

பூட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கேபிள், கட்டண டிடிஎச் பாக்ஸ்களில் பல, ரெக்கார்டிங்கை அந்த பாக்ஸின் சாவியால் பூட்டித்தான் எழுதுகின்றன. ஃபைல் பெயரின் கடைசியை எம்பி4 என்று மாற்றினால் பூட்டு திறக்காது, பெயர்தான் மாறும். ‘டிக்ரிப்டர்’ என்று இணையத்தில் கிடைப்பதை இறக்கினால் வைரஸ் வந்து சேரத்தான் வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை: பழுது என்று கேபிள்காரர் பாக்ஸை மாற்றிக் கொடுத்தால், அதே கம்பெனி, அதே மாடல் என்றாலும் பழைய ரெக்கார்டிங் புதியதில் ஓடாது. பார்க்க வேண்டியதை பாக்ஸைக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

டிடி ஃப்ரீ டிஷ் போன்ற இலவச ஒளிபரப்பைப் பிடிக்கும் பாக்ஸ்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. டிடி தமிழ் நிகழ்ச்சி ஒன்றைப் பென்டிரைவில் பிடித்தால், வானிலிருந்து வந்த எம்பெக் வீடியோ ஓட்டம் அப்படியே டிஎஸ் என்ற வகை ஃபைலாக இருக்கும். சந்தேகம் இருந்தால், ஃபைலின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் வியூவரில் திறந்து பாருங்கள். பூட்டாத டிஎஸ் ஃபைலில் 188 பைட்டுக்கு ஒருமுறை 47 என்ற ஹெக்ஸ் எண் தவறாமல் வரும். அது வரவே இல்லை என்றால் ஃபைல் முழுவதையும் பாக்ஸ் பூட்டியிருக்கக்கூடும். 47 ஒழுங்காக வந்தும் விஎல்சி பிளேயரில் படம் இல்லை என்றால் அந்த 188 பைட் பாக்கெட்டுக்குள் இருப்பது பூட்டப்பட்டிருக்கக்கூடும்.

பென்டிரைவ், மின்சாரம்

கடையில் வாங்கும் 64 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டு வரும். பல பாக்ஸ்களுக்கு அது தெரியாது. கணினியில் போராடுவதைவிட பாக்ஸின் மெனுவிலேயே ஃபார்மட் செய்வது நல்லது. வெளிப்புற ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால், டிஸ்க் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் கேட்கும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்பை நடுவில் போட்டால் தீரும்.

ரெக்கார்டிங் ஓடும்போதே பிடுங்குவதும் வழக்கமான தவறு. ஸ்டாப் அழுத்தி, சில நொடி பொறுத்து எடுங்கள். அப்படியும் பிடுங்கிவிட்டால், டிஎஸ்ஸில் ஒரு நல்ல குணம் உண்டு: கடைசியில் அட்டவணை எழுதி மூட வேண்டிய வடிவம் அல்ல என்பதால், அறுந்த இடம்வரை பெரும்பாலும் ஓடும்.

நான்கு ஜிபி வெட்டு

ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியை (சுமார் 430 கோடி பைட்) தாண்ட முடியாது. நொடிக்கு 4 மெகாபிட் வரும் சாதாரண சேனல் மணிக்கு 1.8 ஜிபி எடுக்கும். சுமார் 2 மணி 23 நிமிடத்தில் பாக்ஸ் அடுத்த ஃபைலைத் தொடங்கிவிடும். 8 மெகாபிட் எச்டி என்றால் 1 மணி 11 நிமிடம்தான். விளம்பரத்தோடு மூன்றரை மணி நேரம் ஓடும் தமிழ்ப் படம் துண்டாகாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இந்தத் துண்டுகளைத் தனித்தனி வீடியோக்களாக நினைத்து எடிட்டிங் மென்பொருளில் ஒட்டுவது தவறு. பல பாக்ஸ்கள் படச் சட்டத்தின் நடுவிலேயே வெட்டியிருக்கும். ஒட்டிய இடத்தில் கட்டம் கட்டமாக உடையும், அதற்குப் பின் ஒலி விலகும். பைட்டோடு பைட்டாக ஒட்ட வேண்டும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் முதல் துண்டைச் சேர்த்தபின், மற்றவற்றை ‘அப்பெண்ட்’ என்று சேர்க்காமல் ‘அடிஷனல் பார்ட்ஸ்’ என்று சேர்ப்பது இதற்காகத்தான். விண்டோஸின் காப்பி கட்டளையாலும் ஒட்டலாம்; ஆனால் பைனரி தெரிவு கொடுக்காவிட்டால், 26 என்ற மதிப்புள்ள பைட்டைக் கண்டதும் ஃபைல் முடிந்துவிட்டது என்று அது நிறுத்திக்கொள்ளும். 6 ஜிபிக்குப் பதில் சில கேபி மட்டும் வந்தால் காரணம் இதுதான். துண்டுகளின் வரிசையையும் கவனியுங்கள். 1, 10, 2 என்று அடுக்கப்பட்டிருக்கலாம்.

ஒன்றரை மணி நேரப் படத்துக்கு விஎல்சி 26 மணி நேரம் காட்டினால் பயப்பட வேண்டாம். ஒளிபரப்பின் கடிகாரம் 33 பிட் கொண்டது; நொடிக்கு 90,000 எண்ணி, சுமார் 26.5 மணி நேரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். உங்கள் ரெக்கார்டிங்கின் நடுவே அது திரும்பியிருக்கும். எம்கேவி வடிவமாக மாற்றி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாற்றும் அவசரம்

எம்பி4 ஆக்கினால்தான் நிம்மதி என்று பலர் உடனே இறங்குகிறார்கள். தேவையில்லாத வேலை. மறுபடி அமுக்கும் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். எம்கேவிக்கு அப்படியே மாற்றினால் நிமிடங்களில் முடியும், ஒரு புள்ளிகூட மாறாது. போனுக்கு எம்பி4 வேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளில் படத்தை அப்படியே விட்டு, ஒலியை மட்டும் ஏஏசி ஆக்குங்கள். ஒளிபரப்பில் பெரும்பாலும் வருவது எம்பி2 ஒலி. அதை அப்படியே எம்பி4-க்குள் வைத்தால் பல போன்களில் படம் ஓடும், சத்தம் வராது.

அளவைச் சுருக்கியே ஆக வேண்டுமென்றால் டீஇன்டர்லேஸ் (அரைச் சட்டங்களை முழுச் சட்டங்களாக்குவது) முதலில், படத்தின் அளவு மாற்றம் பிறகு. சாதாரண சேனல்களின் படம் ஒன்றுவிட்ட வரிகளாக, நொடிக்கு 50 அரைச் சட்டங்களாக வருகிறது. அதை அப்படியே சுருக்கினால் கிரிக்கெட் பந்து சீப்புப் பல் போல வரிவரியாகத் தெரியும். பிறகு எந்த ஃபில்டராலும் திருத்த முடியாது. 30 சட்டமாகவும் மாற்றாதீர்கள், ஓட்டம் தத்தித் தத்திப் போகும். 25 அல்லது 50.

பூட்டிய ரெக்கார்டிங்கை பாக்ஸில் ஓடவிட்டுப் பிடிக்க நினைப்பவர்கள் எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு வாங்கி ஏமாறுகிறார்கள். எச்டிசிபி என்ற நகல் தடுப்பு இருந்தால் வருவது கருப்புத் திரை மட்டுமே. இன்னொரு வழி ஏவி போர்ட்டிலிருந்து பிடிப்பது. அங்கே 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருந்தால், கிடைத்த வயரைச் செருகிவிட்டு படம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். முனையில் நான்கு இணைப்புப் பகுதிகள் உள்ள அந்த வயர்கள் எல்லாம் ஒரே வரிசையில் இணைக்கப்பட்டவை அல்ல. மஞ்சள் பின்னைச் செருகியும் படம் வராமல் உறுமல் மட்டும் கேட்டால் சிவப்பையும் வெள்ளையையும் மாறி மாறி மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள். படம் கருப்பு வெள்ளையாகவோ உருண்டோ வந்தால், கேப்சர் மென்பொருளில் வீடியோ முறையை என்டிஎஸ்சியிலிருந்து ‘பால்’ (PAL) என்று மாற்றுங்கள்.

பாக்ஸில் அழிப்பதற்கு முன் இரு பக்கமும் ஃபைலின் அளவு பைட் கணக்கில் ஒன்றா என்று பார்த்து, தொடக்கம், துண்டுகள் சேரும் இடம், கடைசி ஐந்து நிமிடம் ஆகியவற்றை ஓட்டிப் பாருங்கள். ரெக்கார்டிங்கோடு பாக்ஸ் எழுதி வைக்கும் துணை ஃபைல்களையும் சேர்த்தே காப்பி எடுங்கள். அவை இல்லாவிட்டால் அதே ரெக்கார்டிங்கைத் திரும்பக் கொண்டுபோய்ச் செருகும்போது பாக்ஸ் அதைப் பட்டியலில் காட்டாமல் போகலாம்.