பெற்றோருக்குப் படிப்பு குறைவாக இருந்தாலும் வீட்டில் பிள்ளையைப் படிக்க வைக்கலாம்: படிப்படியான வழி

“எனக்கே படிப்பு ஏறல, நான் எங்க பிள்ளைக்குச் சொல்லித் தர்றது?”

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பள்ளி விடும் நேரத்துக்கு மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் அப்பா அம்மாக்களிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், இந்த வார்த்தை வந்துவிடும். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர், தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவர், கடையில் கல்லாவில் நிற்கிறவர் என்று யாராக இருந்தாலும் இதைச் சொல்லிவிட்டு, அடுத்து நல்ல டியூசன் எங்கே, மாதம் எவ்வளவு என்று கேட்பார்கள். டியூசன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதற்கு முன்னால் வீட்டிலேயே, காசு செலவில்லாமல், படிக்காத பெற்றோரும் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள்

ஒரு நாளைக்கு 30 நிமிடம், தினமும் ஒரே நேரம். எங்கள் வீட்டில் இரவு 7.30. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே உட்காருகிறோம், தனி அறை எல்லாம் கிடையாது. தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும், உங்கள் கைப்பேசியும் சமையலறையில் இருக்க வேண்டும். நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே “படி படி” என்றால் பிள்ளை படிக்காது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கலாம், துணி மடிக்கலாம், கண்ணும் காதும் பிள்ளை பக்கம் இருந்தால் சரி.

படி 2: சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்

இதை நான் என் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனால் மதியம்தான் வீடு திரும்புவார், வரும்போதே பால் வாடை வரும். வாசல்படியில் உட்கார்ந்து, விரலில் ஒட்டிக் காய்ந்துபோன பாலை நூல் நூலாக உரித்துக்கொண்டே “புத்தகத்தை எடுத்துட்டு வா, படி” என்பார். அவருக்குத் தமிழ் எழுத்தே சரியாகத் தெரியாது. ஆனாலும் நான் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத் தாண்டினால் உடனே கண்டுபிடித்துவிடுவார். “இரு, அந்த எடத்துல ஒன் கொரலு எறங்குது. திரும்பப் படி.” திரும்பப் படித்தால் அங்கேதான் தப்பு இருக்கும். ஒரு பத்தி முடிந்ததும் “அப்புறம்?” என்பார். அந்த “அப்புறம்?” என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் புரிந்து படிக்க வேண்டியிருந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். பாடநூலில் ஒரு பக்கம், அல்லது ஒரு சின்னக் கதை. பிள்ளை எங்கே தடுமாறுகிறது, எங்கே வேகமாக ஓடித் தப்பிக்கப் பார்க்கிறது என்று காதைக் கொடுங்கள். தடுமாறிய சொல்லைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள் (பாடநூலில் கோடு போட வேண்டாம், அது பள்ளி இரவலாகக் கொடுத்தது, திருப்பித் தர வேண்டும்). அந்தத் தாளை மறுநாள் முதலில் வாசிக்க வேண்டும், பிறகுதான் புதுப் பக்கம். முடிந்ததும் மூன்று கேள்வி: யார் வந்தார்கள், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது. “ஏன்” என்ற கேள்வியில் பிள்ளை விழித்தால் வாசித்தது புரியவில்லை என்று அர்த்தம், திட்டாமல் இன்னொரு முறை வாசிக்க விடுங்கள்.

படி 3: மலாய்மொழியைத் தள்ளிப்போடாதீர்கள்

இங்கே கொஞ்சம் நின்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு அம்மா இருந்தார், மலாயில் கேட்க யாரும் இல்லை. ஆறாம் ஆண்டு முடிந்து என் வகுப்புத் தோழிகள் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1க்குப் போனபோது நான் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தேன். தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ படித்த பிள்ளைக்கு மலாய்மொழி போதவில்லை என்றால் அந்த ஓராண்டு உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த வகுப்பால் பிழைத்து வந்தவள் நான். ஆனால் முன்கூட்டியே யாராவது கவனித்திருந்தால் அந்த ஆண்டு எனக்கு மிச்சமாகியிருக்கும். இடைநிலைப்பள்ளியில் வரலாறு மலாயில்தான், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் சான்றிதழ் வேண்டுமானால் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும், அதனால் இது ஒரு பாடத்தோடு நிற்கிற விஷயம் இல்லை.

பிள்ளைக்கு ஏன் சிரமம் என்றால், நாம் கடைத்தெருவில் பேசும் மலாய் வேறு, புத்தக மலாய் வேறு. வீடு பெருக்குவதை நாம் “சாப்பு” என்போம். புத்தகத்தில் “மெஞாப்பு” என்று வரும். தெரிந்த சொல்தான், முன்னால் ஒட்டு சேர்ந்ததும் முகம் மாறிவிடுகிறது, பிள்ளை புதுச் சொல் என்று பயந்துவிடுகிறது.

இதற்கு நம் தமிழிலேயே ஒரு சாவி இருக்கிறது. முதலாம் ஆண்டிலேயே பிள்ளை க ங, ச ஞ, த ந, ப ம என்று படித்திருக்கும், இன எழுத்துகள். மலாய் வினைச்சொல்லும் இந்த ஜோடியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது, பாருங்கள்:

கீரா (எண்ணு) – மெங்கீரா என்று எழுதினாலும் க மறைந்து ங மட்டும் ஒலிக்கும்.
சாப்பு (பெருக்கு) – மெஞாப்பு. ச போய் ஞ வந்தது.
துலிஸ் (எழுது) – மெனுலிஸ். த போய் ந ஒலி வந்தது.
புக்குல் (அடி) – மெமுக்குல். ப போய் ம வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். தமிழில் ஒரே ப தான், ஆனால் “பந்து” என்னும்போது ஒரு மாதிரியும் “கம்பம்” என்னும்போது வேறு மாதிரியும் ஒலிக்கும். பந்தில் வரும் ப மறையும், கம்பத்தில் வரும் ப மறையாது. அதனால்தான் “பாச்சா” (வாசி) என்பது “மெம்பாச்சா” என்று அப்படியே நிற்கிறது. இதற்கு அடங்காத சொற்களும் உண்டு, அவற்றை ஆசிரியர் பார்த்துக்கொள்வார், தொடக்கத்துக்கு இது போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வாரம் மூன்று நாள் மலாய்ப் பாடநூலில் ஒரு பத்தி. தெரியாத சொல் வந்தால் “முன்னாடி ஒட்டினதை எடுத்துட்டுப் பாரு, உள்ள என்ன சொல் இருக்கு?” என்று கேளுங்கள். என் மகன் ஒரு நாள் “மெனோலோங்” என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றான். கையால் “மெ” என்ற பகுதியை மூடினேன். அவன் வாய்க்குள்ளேயே நோ, தோ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஏய், தோலோங்! நம்ம தோலோங்தாம்மா!” என்று கத்தினான். தோலோங் என்றால் உதவி, கடையில் தினமும் கேட்கிற சொல். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

படி 4: நோட்டில் சிவப்பு மையைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை மாலை எல்லா நோட்டுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், பிழை போட்ட இடத்தைப் பாருங்கள். கீழே “திருத்தம்” என்று எழுதிச் சரியான விடை இருக்கும். அது பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்கும். அந்த விடையைக் கையால் மூடிவிட்டு, வேறு தாளில் மறுபடி செய்யச் சொல்லுங்கள். வந்தால் சரி. வரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. உங்களுக்கு அந்தப் பாடம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 5: கணக்கைக் கடைக்குக் கூட்டிப்போங்கள்

வெங்காயம் கிலோ 4 வெள்ளி (ரிங்கிட்) 80 சென் என்று வையுங்கள். ஒன்றரைக் கிலோ எவ்வளவு, 10 வெள்ளி கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். பாதி 2 வெள்ளி 40 சென், ஆக மொத்தம் 7 வெள்ளி 20 சென், மீதி 2 வெள்ளி 80 சென். பிள்ளை விரல் விட்டு எண்ணினாலும் விடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். வாய்ப்பாடு மறந்தால் தெரிந்த இடத்திலிருந்து ஏறச் சொல்லுங்கள்: 7 பெருக்கல் 8 வரவில்லையா, 7 பெருக்கல் 4 என்ன, 28, அதை இரண்டு மடங்காக்கு, 56. குலை வெட்டும் அப்பாவாக இருந்தால் உங்கள் சம்பளச் சீட்டைவிட நல்ல கணக்குப் புத்தகம் இல்லை. டன்னுக்கு இத்தனை வெள்ளி, இந்த மாதம் இத்தனை டன், பிடித்தம் போக எவ்வளவு என்று உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். அப்பா எப்படிச் சம்பாதிக்கிறார் என்பதும் பிள்ளைக்குத் தெரியும்.

படி 6: ஆசிரியரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

“என் பையன் எப்படிப் படிக்கிறான் டீச்சர்?” என்று கேட்டால் “பரவாயில்லைங்க” என்றுதான் பதில் வரும். நம் காலத்தில் யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்தது, ஆறாம் ஆண்டில் எத்தனை ஏ என்று ஊரே கேட்கும். 2021இல் அதை எடுத்துவிட்டார்கள், 2022இல் மூன்றாம் படிவத்துத் தேர்வான பிடி3யும் போய்விட்டது. அந்தத் தேர்வுகள் இல்லையே என்று பல பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள், எனக்கு அதுதான் கவலை. ஆசிரியர் வகுப்பிலேயே பிள்ளையை மதிப்பிட்டு 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுக்கிறார். 3 என்பது குறைந்தபட்சம் எட்ட வேண்டிய நிலை.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: “மலாய்மொழியில் வாசிப்பில் எத்தனை, எழுத்தில் எத்தனை? 3க்குக் கீழே எதில் இருக்கிறான்? அதற்கு வீட்டில் நான் என்ன செய்யலாம்?” வாசிப்பில் 4, எழுத்தில் 2 என்று பதில் வந்தால் எங்கே உழைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நான்காம் ஆண்டிலேயே கேளுங்கள், ஆறாம் ஆண்டு வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாம் ஆண்டு வந்தும் எழுத்துக் கூட்ட முடியவில்லை என்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். பள்ளியில் வாசிக்க, எழுத, எண்ணத் தடுமாறும் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பில் சேர்க்கலாம் என்று ஆசிரியர் சொன்னால், “என் பிள்ளை என்ன மக்கா?” என்று சண்டைக்குப் போகாதீர்கள். சேர்த்துவிடுங்கள்.

படி 7: தூக்கம்

பள்ளி வேன் ஆறு மணிக்கு வந்துவிடும் என்றால் பிள்ளை 5.30க்கு எழ வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், அப்படியானால் இரவு 8.30க்குப் படுக்கை. நாடகம் அதன்பிறகு பெரியவர்கள் பார்க்கலாம்.

இரவு ஷிப்டு இருந்தால்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். என் கணவருக்கும் வாரம் விட்டு வாரம் இரவு வேலைதான். அந்த வாரங்களில் மகன் படித்து முடித்த பக்கத்தை என் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்து, அப்பாவுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவான். இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். தேநீர் இடைவேளையில் அவர் அதைக் கேட்பார், பதிலுக்குக் குரல் அனுப்புவார். காலையில் சீருடை போட்டுக்கொண்டே மகன் முதலில் தேடுவது அதைத்தான். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்கும், அதற்கு நடுவில் அப்பாவின் குரல்: “நல்லா படிச்சய்யா. ரெண்டாவது வரியில ஒரு சொல்லை முழுங்கிட்ட, பாரு. சரி, அந்த ஆமை ஆத்துக்குள்ள போயிடுச்சு. அப்புறம்?”