21 நாளில் திருப்பித் தர வேண்டிய புத்தகங்களுக்குக் கருத்து எழுதுவது எப்படி?

சிங்கப்பூர் நூலகத்தில் இரவல் வாங்கிப் படிக்கும் புத்தகத்தில் அடிக்கோடு போட முடியாது, ஓரத்தில் எழுத முடியாது. 21 நாளில் அது கையைவிட்டுப் போய்விடும். ஆறு மாதம் கழித்து யாராவது "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்தது" என்பதற்கு மேல் வார்த்தை வராது. நாவல், சமையல், முதலீடு, கவிதை என்று கலந்து படிப்பவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். புத்தகம் போன பிறகும் பயன்படும்படி கருத்து எழுத வேண்டுமென்றால், அலமாரியிலிருந்து எடுக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது.

எத்தனை, எவை

முதலில் பக்கக் கணக்கு. சாதாரண வேகத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போக அரை மணி, வர அரை மணி என்றால் நாளுக்கு 30 பக்கம். மூன்று வாரத்தில் வேலைநாள் 15, ஆக 450 பக்கம். 250 பக்க நாவல் ஒன்று, 130 பக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று, மெல்லிய கவிதை நூல் ஒன்று. அவ்வளவுதான் அடங்கும். இதற்கு மேல் எடுத்தால் கடைசி இரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதும் நிலை வரும், அது கருத்தாகாது.

ஒரே வகையில் சிக்காமல் இருக்க, அலமாரி எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்; பொருள்வாரியாகப் பிரிக்க நூலகம் புத்தக முதுகில் ஒட்டும் டூயி எண் அது. சமையல் 641.5, சொந்த நிதி நிர்வாகம் 332.024, ஆசியப் பயணம் 915, வாழ்க்கை வரலாறு 920, சிங்கப்பூர் வரலாறு 959.57. ஒவ்வொரு தவணையிலும் ஒரு புத்தகம், இதுவரை கை வைக்காத எண்ணிலிருந்து வரட்டும்.

படிக்கும்போது

ஒட்டுத்தாள் வேண்டாம். பழைய பதிப்புகளின் தாளில் பசை ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது எழுத்தையும் கூட்டிக்கொண்டு வரும். வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, புத்தகத்துக்குப் பத்துத் துண்டு வைத்துக்கொண்டால் போதும். நின்று மறுபடி படித்த இடம், சலித்த இடம், நம்ப முடியாத இடம் ஆகிய மூன்று வகை இடங்களில் மட்டும் செருகுங்கள். தாளின் தலைப்பில் பக்க எண்ணும் ஒரே ஒரு சொல்லும் எழுதுங்கள். எண் இல்லாவிட்டால், தாள் நழுவி விழுந்ததும் குறிப்பும் போயிற்று. நூலக மின்னூல்களுக்கான லிபி (Libby) செயலியில் படிப்பவர்கள் பக்க எண்ணை நம்ப வேண்டாம்; எழுத்தளவை மாற்றினால் எண்ணும் மாறும். அத்தியாயத்தையும் வாக்கியத்தின் முதல் நான்கு சொற்களையும் குறியுங்கள்.

பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தை முதல் நாளே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். முதற்பதிப்பு ஆண்டு தெரியாமல் எழுதும் கருத்து அநியாயமாகப் போகக்கூடும். 1970களில் எழுதிய பயண நூலை "தகவல் பழசு" என்று குறை சொல்லி என்ன பயன்? அதே குறை, சென்ற ஆண்டு வந்த நூலுக்குச் சொன்னால் நியாயம்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரையும், மூலத்திலிருந்து நேரே வந்ததா ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் குறிக்க வேண்டும். உரையாடலில் கிழவியும் சிறுவனும் ஒரே மாதிரி பேசினால், மூல ஆசிரியரைச் சாடும் முன் மொழிபெயர்ப்பைச் சந்தேகியுங்கள். சிங்கப்பூர் வாசகருக்கு இங்கே ஒரு வசதி: ஆங்கிலப் பதிப்பும் பெரும்பாலும் நம் நூலகங்களிலேயே கிடைக்கும். உறுத்திய ஒரு பத்தியை மட்டும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பழி யார்மேல் என்று தெளிவாகிவிடும்.

வகைக்கு ஒரு அளவுகோல்

நாவலைப் பாதியில் ஒருமுறை மூடிவையுங்கள். முக்கியப் பாத்திரம் என்ன விரும்புகிறது, எது தடுக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால் குழப்பம் எந்த அத்தியாயத்தில் தொடங்கியது என்று தேடிக் குறியுங்கள்.

சிறுகதைத் தொகுப்புக்கு மொத்தமாகத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரே அமர்வில் இரண்டு கதைக்கு மேல் படித்தால் மூன்றாவது கதையின் ஆள் முதல் கதைக்குள் புகுந்துவிடுவார். சிறந்த இரண்டு, தளர்ந்த ஒன்று, மூன்றையும் தலைப்போடு எழுதினால் போதும். கவிதையை வாய்விட்டுப் படித்த பிறகே எழுதுங்கள்.

சமையல் நூலுக்கு இரண்டு பதார்த்தமாவது செய்து பார்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது. "தேவையான அளவு" என்பது உப்புக்கு வரலாம். புளிக்கும் மிளகாய்க்கும் வந்தால் நூல் தன் வேலையைச் செய்யவில்லை. "ஒரு கப்" எத்தனை மில்லி என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, கடையில் விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250 மில்லி. அரிசியும் பருப்பும் ஒரே கப்பால் அளக்கும்வரை சிக்கல் இல்லை. ஒன்றைக் கிராமிலும் மற்றொன்றைக் கப்பிலும் கொடுத்திருந்தால் பக்குவம் தவறும். கேட்கும் பொருள் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கிடைக்கிறதா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இங்குள்ள வாசகர் முதலில் தேடுவது அதைத்தான்.

முதலீட்டு நூல்களில் கவனம் தேவை. தமிழகத்திலிருந்து வரும் நூல்கள் சேமிப்புக்கு வரிச்சலுகை தரும், 1961ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவையும் பிபிஎஃப் என்ற இந்தியப் பொது சேமநிதிக் கணக்கையும் வைத்துக் கணக்குப் போடும். சிங்கப்பூரின் மத்திய சேம நிதி (மசே நிதி) கட்டும் நமக்கு அந்த அத்தியாயங்கள் பொருந்தா. செலவைக் குறிப்பது, அவசர நிதி சேர்ப்பது போன்றவை பொருந்தும். எந்த அத்தியாயம் இங்கே பயன்படும், எது படாது என்று பிரித்துச் சொல்லும் கருத்துக்கு, புகழ்ச்சி நிரம்பிய பத்து வரியைவிட மதிப்பு அதிகம்.

சிறுவர் நூலை ஒரு சிறுவருக்குப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் கேள்வி வந்தது, எந்தச் சொல் புரியாமல் நின்றது என்பதே உங்கள் கருத்து.

எழுதும்போது

முடித்த மறுநாளுக்குள் எழுதிவிடுங்கள். புத்தகத்துக்கு நூற்றைம்பது சொல் தாராளம். முதல் வாக்கியத்திலேயே உங்கள் தீர்ப்பு வரட்டும், அடுத்து ஆதாரம், பக்க எண்ணோடு, பிறகு குறை, கடைசியில் யாருக்குப் பிடிக்கும் என்பது. கதையின் முதல் கால்பகுதிக்கு அப்பால் நடப்பதை வெளியிடாதீர்கள்.

"விறுவிறுப்பு", "யதார்த்தம்", "அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்" போன்றவை எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டும். அவற்றை எழுதியதும் அடித்துவிட்டு, ஏன் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். "விறுவிறுப்பான நாவல்" என்பதன் இடத்தில், "முதல் 80 பக்கம் மெல்ல நகர்கிறது; கிணறு வெட்டும் அத்தியாயத்துக்குப் பிறகு கீழே வைக்க முடியவில்லை" என்று வந்தால், படிப்பவர் 80 பக்கம் பொறுப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்வார். நட்சத்திர மதிப்பெண் வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். சமையல் நூலின் நான்கும் கவிதை நூலின் நான்கும் ஒன்றாகாது.

பாதியில் விட்ட புத்தகத்துக்கும் எழுதலாம். எந்தப் பக்கத்தில், எதற்காக விட்டீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். நடையைப் பற்றிப் பேசுங்கள். அமைப்பையும் முடிவையும் பற்றிப் பேச உரிமையில்லை.

இனி, சிங்கப்பூரில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தும் விஷயம். நம் தமிழ் எழுத்துலகம் சிறியது. இன்று நீங்கள் கருத்து எழுதும் உள்ளூர் ஆசிரியரை அடுத்த மாதம் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் ஒரு வெளியீட்டு விழாவில் நேருக்கு நேர் சந்திப்பீர்கள். அதனால் கை தானாகவே புகழ்ச்சிப் பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்த கருத்தால் ஆசிரியருக்கும் லாபமில்லை, அடுத்த வாசகருக்கும் லாபமில்லை. ஆசிரியரைத் தெரியும் என்றால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். விழாவுக்குப் போகும் முன் எழுதி முடித்துவிடுங்கள். மேடைப் பேச்சைக் கேட்ட பிறகு எது உங்கள் கருத்து, எது பேச்சாளருடையது என்று பிரிக்க முடியாது. குறையைப் பக்கத்தோடு கட்டுங்கள்: "இவருக்கு உரையாடல் வராது" என்பது ஆளைப் பற்றியது, "62ஆம் பக்கத்தில் காப்பிக்கடைக்காரர் மேடைத்தமிழ் பேசுகிறார்" என்பது எழுத்தைப் பற்றியது. இரண்டாவதை எழுத்தாளர் அடுத்த பதிப்பில் திருத்த முடியும்.

பதினெட்டாம் நாள் உங்கள் நூலகக் கணக்கைப் பாருங்கள். படித்து முடியவில்லையென்றால் அன்றே புதுப்பியுங்கள். வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் புதுப்பிக்க முடியாது, எனவே கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். திருப்பித் தரும் பெட்டியில் போடும் முன், புத்தகத்தைக் குப்புறப் பிடித்து ஒருமுறை உதறித் தாள் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.