யெல்லோஸ்டோனில் எங்கே தங்கலாம்?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து "எல்லாம் பக்கம் பக்கமாத்தானே இருக்கு" என்று ஒரே ஊரில் எல்லா இரவுகளுக்கும் அறை போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூங்கா கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர், உள்ளே எட்டு வடிவில் சுற்றும் சாலை மட்டுமே சுமார் 230 கிலோமீட்டர், வேக வரம்பும் பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீட்டர்தான், அதுவும் காட்டெருமைக் கூட்டம் சாலையில் நின்றுவிட்டால் அது நகரும்வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

அதனால் தங்குவதை இரண்டாகப் பிரியுங்கள். ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுக்கு மேற்கு வாசலில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர் வசதி, ஏறக்குறைய 48 கிலோமீட்டர்.

ஓநாய் பார்க்க ஆசையா? விடியும்போதே பூங்காவின் வடகிழக்கில் உள்ள லாமர் பள்ளத்தாக்கில் இருக்க வேண்டும், அதற்கு வடக்கு வாசலில் இருக்கும் கார்டினர் அல்லது வடகிழக்கு வாசல் பக்கம் இருக்கும் குக் சிட்டி ஊர் வசதி. என்னைக் கேட்டால் ஒரு இரவாவது அந்தப் பக்கம் கட்டாயம் தங்குங்கள், அந்த அதிகாலை வெளிச்சத்தைத் தூரத்து ஊரிலிருந்து கிளம்பி வந்து பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

பூங்காவுக்கு உள்ளேயே விடுதி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யணும். அப்புறம், குளிர்காலத்தில் காருக்குத் திறந்திருப்பது கார்டினர் – குக் சிட்டி சாலை மட்டும்தான்.